நம்பரை மாத்தினா பலகையையும் மாத்துங்க

நெடுஞ்சாலையில் இன்னும் பழைய எண்ணோடு நிற்கிற பலகையை நேற்று படமாகப் போட்டிருந்தேன். அதற்கு விழுந்த சிரிப்பு ஸ்மைலிகளைப் பார்த்தேன். "அண்ணே, மேப்னு ஒண்ணு இருக்கு தெரியுமா?" தெரியும் தம்பி. உங்களுக்கு முன்னாலேயே தெரியும்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாலைக்கு நம்பர் கொடுத்தால் அது பலகையிலும் மைல்கல்லிலும் இருக்க வேண்டும். மாற்றினால் பழையதை எடுக்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"புதுசு வந்தாலே உங்களுக்கு ஆகாது" என்கிறார் ஒருவர். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தது நல்ல வேலை என்று இதே பக்கத்தில் எழுதியவன் நான். வடக்கு தெற்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை, மூன்று இலக்கம் என்றால் கிளை. 44இன் கிளை என்பதால்தான் சேலம் கொச்சி சாலை 544. அழகான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கோப்பில் இருந்து யாருக்கு லாபம்? ரோட்டில் நிற்கிறவன் கண்ணில் பட வேண்டாமா?

திண்டிவனம் தாண்டி ராத்திரியில் கிளட்ச் போய் நின்ற கதையைச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். உதவி எண்ணில் பேசிய பெண் நெடுஞ்சாலை எண் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லின் மஞ்சள் தலையில் பெயின்ட் உரிந்து கிடக்கிறது, விழுப்புரம் என்ற பெயர் மட்டும் தெரிகிறது. எதிரே பழைய பலகையில் 45. அதைத்தான் சொன்னேன். "சார், 45 மத்தியப் பிரதேசத்துல காட்டுது" என்றது அந்தப் பொண்ணு. அது சொன்னதும் சரிதான், புது 45 ஜபல்பூர் பக்கம் போகிறது. நான் நின்ற இடம் இப்போது 132, சென்னையிலிருந்து திண்டிவனம் வரை வருவது 32, விழுப்புரம் தாண்டினால் 38. இதை அங்கே எந்தப் பலகை சொன்னது? மேப் பார்க்கலாமே என்பவர்களுக்கு: போனில் இருந்த கொஞ்சநஞ்ச சார்ஜும் டார்ச்சுக்கும் அந்தப் பேச்சுக்கும் போய்விட்டது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த வீட்டம்மா முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

மாநில நெடுஞ்சாலை இதைவிட மோசம். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர், எஸ்எச் (மாநில நெடுஞ்சாலை) 49 என்று அதில் தினமும் போகிற எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய மாமல்லபுரம் சாலையான ஓஎம்ஆர் 49ஏ. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே ஈசிஆர் 332ஏ என்று தேசிய நெடுஞ்சாலை ஆகிவிட்டது. மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலைக் கல், தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள்; அதனால் அங்கே பச்சை மஞ்சளாக வேண்டும். சில ஊர்களில் பச்சைக்கு மேலேயே மஞ்சளை ஒரு கை இழுத்துவிட்டுப் போகிறார்கள், ஒரு மழைக்குப் பச்சை எட்டிப் பார்க்கிறது.

"ரோடே குண்டும் குழியுமா இருக்கு, நம்பர்தான் குறைச்சலா?" சரி, குழியையும் மூடுங்கள். குழி மூடுகிறவரை பெயின்டர் சும்மா உட்கார வேண்டும் என்று சட்டமா?

அப்புறம், பெயர். சாலைக்குத் தலைவர் பெயர் வைக்கிறது என்றால் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகை முளைக்கிறது. எழுத்து பளபளவென்று இருக்கும், திறந்து வைத்தவர் பெயர் அதைவிடப் பெரிதாக இருக்கும். நம்பருக்கு மட்டும் நிதி இல்லை, ஆள் இல்லை. நம்பருக்கு ஓட்டு இல்லை, அதுதான் விஷயம். இதைச் சொன்னால் நான் அந்தக் கட்சியாம்! எந்தக் கட்சி என்பதில் கமென்ட் போட்டவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை.

இத்தனை வருஷமாக என் பதிவைப் படித்து "அருமை சார்" போட்ட ஆட்களும் அந்தச் சிரிப்பில் இருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்துக்கொண்டேன். இனி மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமென்டில் ஒட்டுகிறவர்களுக்கு என்னிடமிருந்து பதில் வராது.