"பேசியவர்கள்" பட்டியலை அழித்துவிட்டு ஒரு பென்சில் கடை போடுங்கள்

டீச்சர் இல்லாத ஏழாம் வகுப்பு ஒன்றை ஜன்னல் வழியாகப் பாருங்கள். கரும்பலகை ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்பு. கீழே ஏழெட்டுப் பெயர்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. சாக்பீஸ் லீடர் கையில். கூட்டாளி பேசினால் பெயர் ஏறாது. பாதி கடலை மிட்டாய் கைமாறினால் ஏறிய பெயரும் அழியும். அதே பலகையின் உச்சியில் அழகான கையெழுத்தில் அன்றைய குறள்.

அந்த ஒரு பீரியடில் பிள்ளைகள் எந்த ஒழுக்கத்தைப் படித்தார்கள்? நீதிபோதனை வகுப்பு வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது, அதையும் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். இந்தப் பட்டியல் தினமும் நடக்கிற வகுப்பு. லஞ்சம், காட்டிக்கொடுப்பது, அதிகாரம் உள்ளவனோடு ஒட்டிக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் செய்முறைப் பயிற்சியே கிடைத்துவிடுகிறது.

6 முதல் 12ஆம் வகுப்பு வரை திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பாடத்தில் சேர்க்கச் சொல்லி 2016இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் வாய்மை அதிகாரத்தின் 10 குறளையும் பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளை, அதைக் கேட்கும் தேர்விலேயே பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினால் அதிர்ச்சியாக வேண்டியதில்லை. 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். தேர்வில், விளையாட்டில், வீட்டுப்பாடத்தில் ஏமாற்ற வழிவிட்டு யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று இரண்டு கட்சியாக யாரும் பிரியவில்லை. ஓரிடத்தில் ஒழுங்காக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. நேர்மையைப் பேசிப் புரியவைப்பதைவிட, நேர்மையாக இருந்து பழக ஓர் இடம் ஏற்படுத்திக் கொடுப்பதே வாத்தியார் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படி ஓர் இடம் நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. நேர்மை அங்காடி, அதாவது கடைக்காரர் இல்லாத கடை; வேண்டியதை எடுத்துக்கொண்டு காசை நாமே போட்டுவிட வேண்டும். பல பள்ளிகளில் திறப்பு விழா நடக்கிறது, போட்டோ வருகிறது, இரண்டே மாதத்தில் அந்த மேஜையில் விடைத்தாள் கட்டு உட்கார்ந்துவிடுகிறது. காரணம் பிள்ளைகள் அல்ல. கடை போட்ட விதம்.

தலைமையாசிரியர் அறை வாசலில் போடாதீர்கள். அங்கே போட்டால் அது நேர்மையல்ல, பயம். வகுப்புக்குள்ளே, பின்பக்க மூலையில் ஒரு மேஜை போதும். 35 பேர் வகுப்புக்கு 300 ரூபாய் முதலீடு தாராளம். முதல் மாதம் இரண்டே பொருள் வையுங்கள்: பென்சில் 5 ரூபாய், கோடு போட்ட பேப்பர் 1 ரூபாய். மூன்றரை, ஏழு என்று விலை வைத்தால் கணக்கு உதைக்கும். பலரும் மறப்பது சில்லறை. திறந்த தட்டில் ஒன்று, இரண்டு, ஐந்து நாணயங்களாக 50 ரூபாய் கிடக்க வேண்டும். பத்து ரூபாய்த் தாளோடு வந்த பிள்ளை மீதி எடுக்க வழியில்லாமல் "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று பென்சிலோடு போய்விடும். நாளைக்கு மறந்துபோகும். அதைத் திருட்டு என்று எழுதிவிடுகிறோம். பூட்டிய உண்டியல் வைத்தாலும் இதே கதைதான்.

காசே இல்லாத பிள்ளைக்கு ஒரு கடன் நோட்டு வேண்டும். பெயர், பொருள், திருப்பித் தரும் நாள், அவ்வளவுதான். இது இல்லாத கடை, பரீட்சை நாளில் பென்சில் இல்லாத ஏழைப் பிள்ளையை எடுக்கவைத்துவிட்டு நேர்மையைப் பற்றிப் பேசும்.

உண்மையான பாடம் வெள்ளிக்கிழமை கடைசி 15 நிமிடத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு பேர், மாறி மாறி, எல்லார் முன்னாலும் எண்ண வேண்டும். பென்சில் 20 இருந்தது, மிச்சம் 12. எட்டு போயிருக்கிறது, 40 ரூபாய். பேப்பர் 100இல் மிச்சம் 63, ஆக 37 ரூபாய். சில்லறை 50ஐயும் சேர்த்தால், கடன் நோட்டு காலி என்றால், தட்டில் 127 இருக்க வேண்டும். இருப்பது 121. ஆறு ரூபாய் குறைகிறது. அதைப் பலகையில் எழுதிவிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "இது எப்படியெல்லாம் குறைந்திருக்கலாம்?" பேப்பர் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், மீதி தப்பாக எடுத்திருக்கலாம், இன்டர்வெல் நெரிசலில் காசு போட மறந்திருக்கலாம், எடுத்தும் இருக்கலாம். நாலையும் பிள்ளைகளே சொல்வார்கள். அடுத்த கேள்வி: "வரும் வாரம் எதை மாற்றலாம்?" யார் என்ற கேள்வி வரவே கூடாது. வந்த நிமிடமே எல்லாக் கண்களும் வகுப்பிலேயே ஏழைப் பிள்ளை மீதோ, முன்பு ஒருமுறை மாட்டிய பிள்ளை மீதோ போய் நிற்கும்.

பையைக் கொட்டிச் சோதிப்பது, சூடம் அடித்துச் சத்தியம் வாங்குவது, எடுத்தவனுக்குக் கை வீங்கும் என்று மிரட்டுவது எதுவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடியை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் கிடக்கட்டும், இப்படி மிரட்டிப் பழகிய வகுப்பில் அடுத்த முறை எடுக்கிற பிள்ளை இன்னும் சாமர்த்தியமாக எடுக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பார்வைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் குறைந்த காசை டீச்சரே போட்டுச் சரிக்கட்டுவது. பன்னிரண்டு வயசுக்காரர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அந்த வகுப்பு கற்றது கணக்கை ஜோடிப்பது.

பரிசும் வேண்டாம். கண்டெடுத்த பத்து ரூபாயை ஒப்படைத்த மாணவனைக் காலை வழிபாட்டில் மேடையேற்றிக் கைதட்டினால், அடுத்த வாரம் வீட்டுக் காசையே கொண்டுவந்து "கீழே கிடந்துச்சு சார்" என்று நீட்ட நாலு பேர் வருவார்கள். "நன்றி, தொலைத்தவனுக்கு நிம்மதி" என்று அந்த இடத்திலேயே இரண்டு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

குறைவு தொடர்ந்தால் கடையைச் சுருக்குங்கள், மூடாதீர்கள். இருபது பென்சிலை ஐந்தாக்குங்கள், இன்டர்வெல்லில் வேண்டாம், மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் மட்டும் திறங்கள். மூடினால் எடுக்காத முப்பது பேருக்கும் சேர்த்துத் தண்டனை. அந்தக் கோபம் யார் தலையில் விடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தக் கரும்பலகைப் பட்டியல். டீச்சர் இல்லாத பீரியடில் லீடருக்குச் சாக்பீஸ் வேண்டாம். பலகையில் வேலையை எழுதிப் போடுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை கேள்வி, முடித்தவர்கள் என்ன செய்யலாம், எந்த அளவுக்குப் பேசலாம். திரும்பி வந்ததும் "யார் பேசினது?" என்று கேட்காமல் "எத்தனையாவது கேள்வி வரைக்கும் வந்தீங்க?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் சத்தம் கூடத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.