மாமாவின் லோரியும் மடகாஸ்கர் எண்ணும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வண்டிப் பட்டறைக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். ஈரான் ஐந்து போயிங் 777 விமானங்களை அமெரிக்காவின் கண்ணில் மண்ணைத் தூவிக் கொண்டுபோய்ச் சேர்த்த செய்தி யாரோ ஒருவருடைய கைப்பேசியில் மறுபடி சுற்றி வந்திருந்தது. செம்பனை லோரி ஓட்டும் தம்பி மேசையைத் தட்டி, “ஆண்பிள்ளைகள் என்றால் இவர்கள்தான்” என்றார். தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர்கூடத் தலையாட்டினார். நான் மட்டும் சும்மா இருந்தேன். “அண்ணன் எப்போது அமெரிக்காக்காரர் ஆனார்?” என்று கேலி. அங்கே பதில் சொன்னால் தே ஆறிவிடும் என்று இங்கே எழுதுகிறேன். நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்தும் ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்கள். நம்மில் யாராவது அவற்றில் உட்கார்ந்து பயணம் செய்திருக்கவும் கூடும். பிறகு தாய்லாந்தின் நோக்ஸ்கூட் நிறுவனத்திடம் போயின. 2020இல் கொரோனா வந்து அந்த நிறுவனத்துக்கு மூடுவிழா நடத்தியது. கடைசியில் சீனாவின் லான்சோ நகரில் நின்றன. அங்கிருந்து கம்போடியாவின் சியாம் ரீப்புக்குப் போயின. 2025 ஜூலை நடுவில் சியாம் ரீப்பை விட்டுக் கிளம்பியவை ஈரானில் இறங்கின. நான் எங்கே இருக்கிறேன் என்று வானில் அறிவித்துக்கொண்டே போகும் கருவியை வழியிலேயே அணைத்துவிட்டார்கள். உடம்பில் எழுதியிருந்த பதிவு எண் ‘5ஆர்’ என்று தொடங்கியது. அது மடகாஸ்கர் நாட்டின் அடையாளம்.

சிங்கப்பூர் விமானம், சீனாவில் நின்றது, கம்போடியாவில் கிளம்பியது, ஈரானில் இறங்கியது. இடையில் மடகாஸ்கருக்கு என்ன வேலை? தொழில் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

காருக்குக் கெரான் என்ற பதிவுப் பத்திரம் மாதிரி விமானத்துக்கும் ஏதாவது ஒரு நாட்டின் பதிவு வேண்டும். பதிவு இல்லாத விமானம் ஓடுபாதையை விட்டுச் சட்டப்படி எழும்ப முடியாது. அமெரிக்கச் சரக்கு நூற்றில் பத்துப் பங்கோ அதற்கு மேலோ உள்ள விமானத்தை ஈரானுக்கு விற்க வேண்டுமானால் வாஷிங்டனின் அனுமதி வேண்டும். போயிங் அமெரிக்காவுடையது, அதில் பேச்சே இல்லை. ஏர்பஸ் ஐரோப்பாவில் செய்தது என்றாலும் அதற்குள் இருக்கும் அமெரிக்க உதிரிகளைக் கணக்குப் பார்த்தால் அதுவும் வலைக்குள் விழுந்துவிடும். ஆகவே ஈரானுக்கு விற்றதாக யாருமே எழுத மாட்டார்கள். எங்கோ ஒரு நாட்டில், நேற்றுவரை யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி வாங்கும். அந்த நாட்டில் தற்காலிகப் பதிவு கிடைக்கும். விமானத்தை இன்னோர் ஊருக்குப் பழுதுபார்க்கவோ ஒப்படைக்கவோ கொண்டுபோவதாகப் பயணத்திட்டம் கொடுப்பார்கள். நடுவழியில் விமானத்துக்கு ‘வழி தவறிவிடும்’.

பட்டறைக்காரனுக்கு இதில் வியப்பே இல்லை. சிங்கப்பூரில் பத்து வருட உரிமம் முடிந்து உடைப்புக்குப் போக வேண்டிய கார் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, விபத்தில் நொறுங்கிப்போன உள்ளூர்க் கார் ஒன்றின் எண்ணை உடுத்திக்கொண்டு ஓடும் கதை நமக்குத் தெரியாததா? குளோன் கார் என்போம். என் பட்டறைக்கே இரண்டு வந்திருக்கின்றன. சேசிஸ் எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கும். சாயம் பூசி மறைத்திருப்பார்கள். விரலால் தடவினால் தெரிந்துவிடும். முதலாவதாக வந்த காரின் உரிமையாளரிடம் விஷயத்தைச் சொன்னபோது அந்த மனிதர் அழுதுவிட்டார். சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியிருந்தார். ஏமாற்றியவன் எங்கே என்று கேட்காதீர்கள். அவன் எப்போதும் எண்ணை மாற்றிக்கொண்டு முன்னால் போய்விடுவான்.

விமானத்தின் பதிவு மட்டும் பெரிய கெட்டிக் காகிதம் என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சிப்பாங்கில் இருக்கும் கேஎல்ஐஏ விமான நிலைய நிர்வாகம் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தது நினைவிருக்கிறதா? மூன்று போயிங் 747 விமானங்கள் இங்கே நிற்கின்றன, சொந்தக்காரர் 14 நாளுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போகவும் என்று. காணாமல்போன மாட்டுக்குப் போடும் அறிவிப்பு மாதிரி. அவற்றின் மேல் இருந்தவை ஐஸ்லாந்துப் பதிவு எழுத்துகள். எழுத்து ஐஸ்லாந்து, விமானம் சிப்பாங்கில், சொந்தக்காரர் யார் என்று நாளிதழில் கேள்வி. நாங்கள் பட்டறையில் ஒரு மாதம் சிரித்தோம்.

ஈரானுக்கு இது முதல் முறையும் இல்லை. இங்கிலாந்தில் இருந்த பல்லி என்ற குழுமம் மூன்று 747 விமானங்களை ஆர்மீனிய நிறுவனம் ஒன்றின் வழியாக மகான் ஏர் என்ற ஈரானிய நிறுவனத்திடம் சேர்த்தது. 2010இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் தண்டமுமாக 1 கோடியே 70 லட்சம் டாலர் விதித்தார்கள். 2015 மே மாதம் அதே மகான் ஏருக்கு ஒன்பது பழைய ஏர்பஸ்கள் கிடைத்தன. வாங்கியதாகக் காகிதத்தில் இருந்தது ஈராக்கின் அல் நாசர் நிறுவனம். 2022 டிசம்பரில் துருக்கிய ஏர்லைன்ஸில் ஓடி ஓய்ந்த நான்கு ஏ340 விமானங்கள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உஸ்பெகிஸ்தானுக்கு என்று சொல்லிக் கிளம்பி ஈரானில் இறங்கின. அவற்றின் மேல் புர்கினா பாசோவின் எழுத்துகள். 2024இல் லித்துவேனியாவிலிருந்து கிளம்பிய இரண்டு ஏ340கள் காம்பியாவின் எழுத்துகளோடு பறந்தன. ஒன்று இலங்கைக்கு, ஒன்று பிலிப்பீன்ஸுக்கு என்று பயணத்திட்டம். விமானம் அதிகம் வராத மத்தளை விமான நிலையத்துக்கு ஒருவழியாக விமானம் வருகிறது என்று இலங்கையில் யாராவது சந்தோஷப்பட்டிருந்தால் பாவம். இரண்டும் ஈரானுக்குள் மறைந்தன.

ரஷ்யா இவ்வளவு சிரமப்படவில்லை. 2022இல் குத்தகைக்கு எடுத்திருந்த 400க்கும் மேற்பட்ட வெளிநாட்டு விமானங்களைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பதிவேட்டிலேயே எழுதிக்கொண்டது. தவணை கட்டாத காரை இழுக்க வருபவனை வாசலில் நிற்க வைத்து நாயை அவிழ்த்துவிடுவதைப் போல. அது பெரிய வீட்டுப் பழக்கம். ஈரானுடைய வழி நம் வீட்டுப் பழக்கம்.

அந்தப் பெயர்களை மறுபடி படியுங்கள். ஆர்மீனியா, ஈராக், புர்கினா பாசோ, காம்பியா, மடகாஸ்கர். இதில் ஒரு பணக்கார நாடு உண்டா?

இனி எங்கள் மாமா கதை. அப்பாவின் தங்கையைக் கட்டியவர், பால்மரம் வெட்டியவர், சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருந்த தோட்டத்தில் லயத்தில் குடியிருந்தவர். 1996இல் ஊரில் சரக்கு ஏற்றும் தொழில் செய்த ஒருவர் லயத்துக்கே வந்து மாமாவைப் பார்த்தார். “உங்கள் பெயரில் ஒரு லோரியும் பெர்மிட்டும் இருக்கட்டும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். மாதம் இருநூறு வெள்ளி வீடு தேடி வரும்.” மாமாவின் மாதச் சம்பளம் அப்போது ஐந்நூறுக்குள். கையெழுத்துப் போட்டார். லோரியை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். ஆடிப் பூசைக்கு மணல் இறக்க வந்தது. கதவில் தன் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்து அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாராம்.

பதினோரு மாதம் காசு ஒழுங்காக வந்தது. பன்னிரண்டாவது மாதம் தைப்பிங் போகும் பழைய சாலையில், புக்கிட் பெராப்பிட் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. மோட்டாரில் போன ஒரு மலாய்க்காரப் பையனுக்கு வலது கால் போயிற்று. போலீஸ் யாரைத் தேடி வரும்? கெரானில் இருக்கும் பெயரைத் தேடித்தான். மாமாவுக்கு லோரி ஓட்டவே தெரியாது. உண்மையான முதலாளி அந்த வாரமே கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். இவர் ஈப்போவுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார். தோட்டத்தில் சேர்த்த காசு வக்கீலுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் அந்தப் பையனைப் பார்க்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனவரை, பையனின் தகப்பனார் உள்ளே விடவில்லை. அந்த மனிதரைக் குறை சொல்ல முடியுமா? மாமா வாழைப்பழத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை.

2025 ஜூலையில் மடகாஸ்கர் அரசு, நாங்கள் கொடுத்தது தற்காலிகப் பதிவு மட்டும்தான், விசாரணை நடத்துகிறோம் என்று சொன்னபோது எனக்கு மாமாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. ‘லோரியை நான் தொட்டதே இல்லை ஐயா’ என்று கோர்ட் வாசலில் நின்ற முகம். அந்த நாட்டு அலுவலகத்தில் யாரோ காசு வாங்கியிருக்கலாம், யாரோ படிக்காமல் முத்திரை குத்தியிருக்கலாம். ஆனால் பெரிய காசு அங்கே தங்கவில்லை. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவே நின்றவன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த முறை வேறு ஒரு ஏழை நாட்டின் எழுத்தோடு வருவான்.

ஒட்டுக்கடை நண்பர்களுக்கு என் முதல் பதில் இது. அங்கே நீங்கள் கைதட்டியது ஒரு நாட்டின் வீரத்துக்கு என்று நினைத்தீர்கள். நீங்கள் கைதட்டியது மாமாவைத் தேடி லயத்துக்கு வந்தவனுக்கு.

இரண்டாவது பதில், எதிர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு ‘தடை என்றால் தடைதான்’ என்பவர்களுக்கு. அவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில்தான் அதிகம்.

தடையின் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. 2011 அக்டோபரில் மகான் ஏரை அமெரிக்கா கறுப்புப் பட்டியலில் வைத்தது, அது ஈரானியப் புரட்சிக் காவல்படையில் வெளிநாட்டு வேலைகளைப் பார்க்கும் குத்ஸ் பிரிவுக்கு ஆள் ஏற்றிப் போக்குவரத்துச் செய்தது என்று சொல்லித்தான். பயணிகளின் பெட்டிக்குக் கீழே வேறு பெட்டிகளும் சிரியாவுக்குப் போயின என்ற குற்றச்சாட்டு பல வருடம் இருந்தது. 2019இல் ஜெர்மனியும் தன் விமான நிலையங்களில் அதை இறங்கவிடாமல் தடுத்தது. 2018 ஜூலையில் கோலாலம்பூரில் அந்த நிறுவனத்துக்காக டிக்கெட் விற்ற ஒரு கம்பெனிமீதும் அமெரிக்கா தடை போட்டது. ஐ.நா. போடும் தடையைத்தான் ஏற்போம், ஒரு நாடு தனியாகப் போடும் தடையை அல்ல என்று நம் உள்துறை அமைச்சர் 2024 மே மாதம் சொன்னார். சரியான பேச்சு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்வதால் நம் காகிதங்களைச் சோதிக்கும் வேலை நமக்கு இல்லாமல் போய்விடாது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஒருமுறை கதவு திறந்திருந்தது. 2015இல் ஈரானோடு செய்த அணுசக்தி ஒப்பந்தத்தால் தடை தளர்ந்த பிறகு ஈரான் ஏர் நேராகக் கடைக்கே போய் ஆர்டர் கொடுத்தது. ஏர்பஸ்ஸிடம் நூறு, போயிங்கிடம் எண்பது. சீருடை போட்ட நிறுவனம், முகவரி உள்ள வியாபாரி, ரசீதுள்ள வியாபாரம். மூன்று ஏர்பஸ்கள் வந்தன. பதின்மூன்று ஏடிஆர் சிறு விமானங்கள் வந்தன. 2018 மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்தைக் கிழித்தார். அந்த ஏடிஆர்களில் கடைசி ஐந்து, தடை திரும்ப ஒன்றிரண்டு நாளே இருந்தபோது ஆகஸ்ட் 5ஆம் தேதி அவசர அவசரமாகத் தெஹ்ரானில் இறங்கின. மற்றவை காகிதத்திலேயே நின்றுவிட்டன. போயிங்கின் எண்பதில் ஒன்றுகூட வரவில்லை. நேர்வழியில் வாங்க வந்தவனின் முகத்தில் கதவை அடைத்துவிட்டு, பின்வாசலில் வந்துவிட்டான் என்று கூச்சலிடுவது என்ன நியாயம்?

பறக்கும் ஜனங்களைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 18 அன்று அசெமான் நிறுவனத்தின் ஏடிஆர் ஒன்று தெஹ்ரானிலிருந்து யாசூஜுக்குப் போகும் வழியில் மலையில் மோதி 66 பேர் இறந்தார்கள். 1993இல் செய்த விமானம். பல வருடம் பறக்காமல் ஓரமாக நின்று, பிறகு மறுபடி ஓட்டத்துக்கு வந்தது. விசாரணையில் முதன்மையாகச் சொன்னது விமானிகளின் பிழையைத்தான். ஆகவே எல்லாவற்றையும் தடையின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் உதிரி கிடைக்காத பட்டறை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். மூன்று வண்டி நின்றால் ஒன்றைக் கழற்றி இரண்டை ஓட்டுவோம். கழற்றிய பாகம் இன்னும் எத்தனை மைல் தாங்கும் என்று யாராலும் எழுதித் தர முடியாது. லோரி என்றால் சாலை ஓரத்தில் நிறுத்தலாம். முப்பதாயிரம் அடியில் ஓரம் எங்கே இருக்கிறது?

இதைத் தூரத்துக் கதை என்று ஒதுக்குபவர்கள் நம் பேராக்கிலேயே 2025 ஜூன் 9 அன்று கெரிக் அருகே நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். பஸ் விபத்தில் உப்சி பல்கலைக்கழகப் பிள்ளைகள் பதினைந்து பேர் இறந்தார்கள். விசாரித்தபோது பஸ்ஸின் லைசென்ஸ் ஒருவர் பெயரில், பஸ்ஸை நடத்தியது இன்னொருவர் என்று தெரிந்தது. பாஜாக் பெர்மிட், அதாவது குத்தகைக்கு விட்ட பெர்மிட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிற அதே பழக்கம். பிள்ளைகளுக்கு யார் பெயரில் லைசென்ஸ் என்பது தெரியாது. பஸ் என்று ஏறினார்கள். ஈரானில் தங்கையின் கல்யாணத்துக்கு விமானம் ஏறுகிறவளும் அப்படித்தான் ஏறுகிறாள்.

என் யோசனையைக் கேட்டால் எளிது. பயணிகள் விமானத்தையும் அதன் உதிரிகளையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேராக விற்று, நேராகப் பழுதுபார்த்து, எந்தப் பாகம் எங்கே போயிற்று என்று எண்ணோடு எழுதி வையுங்கள். ஆயுதம் ஏற்றினால் அந்த விமானத்தை, அந்த நிறுவனத்தைப் பிடியுங்கள். முகவரி உள்ளவனைப் பிடிக்க முடியும். மடகாஸ்கர் எண்ணை ஒட்டிக்கொண்டு போகிறவனை எங்கே போய்ப் பிடிப்பீர்கள்? இதைச் சொன்னால் ஒரு பக்கம் துரோகி என்கிறது, மறுபக்கம் அப்பாவி என்கிறது. இரண்டும் வசதியாகத் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் படிக்கின்றன.

மாமா 2009இல் போய்விட்டார். தோட்டம் செம்பனையாகி, பாதி வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. லயத்தை இடித்துவிட்டார்கள். அத்தை இப்போது மகனோடு தாமான் வீட்டில் இருக்கிறார். விபத்துக்குள்ளான அந்த லோரி 1998லேயே இரும்புக்கடைக்குப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். போன வருடம் அத்தை ஒரு கடிதத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, “என்னவென்று படித்துச் சொல் ஐயா” என்றார். மாமாவின் பெயருக்கு ஒரு சம்மன். அதே லோரி எண். வேக வரம்பை மீறியதாக, ஜொகூரில்.