குடும்ப தின ஏற்பாட்டுக் குழுவினரே, மைக்கை எதற்காகப் பிடுங்கினீர்கள்?

மூன்று நிமிடம். என் அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது அவ்வளவுதான். அதிர்ஷ்டக் குலுக்கலில் இரண்டு மின்விசிறியையும் ஒரு ரைஸ் குக்கரையும் கொடுத்து முடிக்க உங்களுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி எழுந்து நின்று பேச மூன்று நிமிடம் இல்லையா? எனக்கு இன்னும் ஆறவில்லை. எந்தத் தொலைக்காட்சித் தொடர் மிகச் சிறந்தது என்று நீங்கள் நடத்திய ஓட்டெடுப்பில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்று புதன்கிழமை. காலையில் பல் துலக்கும்போதுகூட நிகழ்ச்சி நடத்திய பையன் கை நீட்டி மைக்கை இழுத்தது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எந்தத் தொலைக்காட்சித் தொடர் மிகச் சிறந்தது என்ற சண்டை எந்த ஊரில்தான் இல்லை? சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் தொடங்கிவிடுகிறது. சாவு வீட்டில், பிணம் எடுத்து முடிந்து, பந்தலில் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூடப் பேசுகிறார்கள். பேசட்டும், எனக்கும் பிடிக்கும். என் வயிறு எரிவது எதற்கென்றால், எங்கே பார்த்தாலும் அதிகமாகச் சத்தம் போடுகிறவர்கள் ஒரு தொடரையும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கைப்பேசியில் ஒரு நிமிடத் துண்டு பார்த்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போடுவார்கள். முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள் பின்வரிசையில் பேசாமல் இருப்பார்கள்.

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நடந்த குடும்ப தினத்திலும் அதே கதைதான். மண்டபத்தின் நடுவில் வெள்ளைப் பலகை. அதில் முன்கூட்டியே பத்துத் தொடர்களை எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் கை தூக்கி ஓட்டுப் போட வேண்டுமாம். முதலில் அமெரிக்கத் தொடர் பிரேக்கிங் பேட், அடுத்தது இன்னோர் அமெரிக்கத் தொடர் தி வயர், மூன்றாவதாக நம் தமிழ் எதிர்நீச்சல். அப்படியே கீழே இறங்கி, ஒன்பதாவது இடத்தில், நீல மையில், எழுதியிருந்ததைக் கேளுங்கள்:

‘மெட்டி ஒளி’.

ஒளி! மெட்டிக்கு எங்கேயடா ஒளி? மெட்டி விளக்கா? கால் விரலில் போட்ட மெட்டி தரையில் படும்போது கேட்கிறதே, அந்தச் சத்தம்தானே ஒலி? வீட்டுக்குள் ஒரு பெண் நடமாடுகிறாள் என்று சொல்லும் சத்தம். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பனின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? பெயரையே சரியாக எழுதத் தெரியாதவர்கள், அதை ஒன்பதாவது இடத்தில் வைக்க எந்த உரிமையில் துணிந்தார்கள்?

அதை முதலில் கவனித்தது என் அம்மா. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தம்பி, தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவர் என் கையைத் தொட்டு, “லி தப்பாக இருக்கிறது, பார்” என்றார். பட்டம் வாங்கிய பன்னிரண்டு பேர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அம்மா எழுந்தார். அவருக்கு முழங்கால் வலி. முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தார். அது தரையில் சறுக்கிக்கொண்டு போனது. நான் தாங்கிக்கொண்டேன். இடது கையில் நாற்காலி, வலது கையை உயரத் தூக்கினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நிகழ்ச்சி நடத்திய பையன் இரண்டு முறை பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல் திரும்பிக்கொண்டான். மூன்றாவது முறை பக்கத்தில் இருந்த ஒருவர், “பாட்டிக்குக் கொடு தம்பி” என்று சொன்ன பிறகுதான் மைக் வந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். “எல்லோருக்கும் வணக்கம்” என்றார். மைக் கீச்சென்று கத்தியது. சிலர் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. “அந்தப் பலகையில் ஒலி என்கிற எழுத்து...” என்று தொடங்கினார். “பாட்டி, எழுத்துப் பிழையெல்லாம் பிறகு பார்ப்போம். உங்கள் ஓட்டு எதற்கு?” என்றான் பையன். “அதைத்தான் சொல்ல வருகிறேன் ஐயா. நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது...” அவ்வளவுதான். “நேரமாகிவிட்டது பாட்டி.” மைக் போய்விட்டது.

போய்விட்டது என்று சொல்வதுகூடத் தவறு. அவர் விரல்கள் அதைச் சுற்றி இருந்தன. அந்த விரல்களிலிருந்து இழுத்தான். மைக்கின் மேல் இருந்த மஞ்சள் பஞ்சு உறை கழன்று அம்மாவின் கையிலேயே தங்கிவிட்டது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூட்டம் கைதட்டியது. எதற்குக் கைதட்டினீர்கள்? பாட்டி பேசாமல் உட்காரப்போகிறார் என்றா?

அவர் எதை வைத்துப் பேச எழுந்தார் என்று நான் சொல்கிறேன். 2003, 2004 வாக்கில் நாங்கள் இன்னும் லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருந்தோம். பட்டணத்துக் கடையில் நாடக சிடி வாடகைக்குக் கிடைக்கும். அட்டை, நகலெடுத்து நகலெடுத்து முகமெல்லாம் கறுத்துப்போய் இருக்கும். யார் படம் என்றே தெரியாது. அம்மா விடியற்காலை நாலரைக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். மங்குக் கிண்ணத்திலிருந்து பால் எடுத்து, நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து, குளித்து, சமைத்து முடித்துவிட்டுத்தான் சிடியை எடுப்பார். குளித்த பிறகும் விரல் இடுக்கில் பால் வாடை இருக்கும். சிடியின் நடு ஓட்டையில் ஒரு விரலை விட்டுத் தூக்கி, வாயால் ஊதி, துண்டின் ஓரத்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பார். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்தார். பக்கத்து ஐந்து வீட்டுப் பெண்களும் வந்து சிமெண்ட் தரையில் உட்காருவார்கள். கீறல் விழுந்த இடத்தில் படம் உறைந்து நின்றால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

அப்படிப் பார்த்தார்கள் மெட்டி ஒலியை. 2002 முதல் 2005 வரை, 800க்கும் மேற்பட்ட பகுதிகள். திருமுருகன் இயக்கி, கோபியாக நடித்தும் இருந்தார். கதையில் சரோவை அவள் கணவன் மாணிக்கம் படுத்திய பாட்டுக்கு எங்கள் லயத்துப் பெண்கள் விட்ட சாபம் இருக்கிறதே, நடித்த சேத்தன் நேரில் வந்திருந்தால் தப்பியிருக்க மாட்டார். ஏனென்றால் மாணிக்கம் மாதிரி ஆள் எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமாரும் அதே தரையில், எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒருத்தி திரையைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள். அவள் யாரைத் திட்டினாள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இதற்கு உங்கள் பலகையில் எத்தனை மதிப்பெண்?

“தமிழ்த் தொடர் என்றாலே அழுகைதானே அக்கா” என்று பிறகு என்னிடம் ஒரு தம்பி சொன்னான். கோலாலம்பூரில் வேலை, வார இறுதிக்கு வந்திருக்கிறான். தம்பி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த மர்மதேசத்தைப் பார்த்திருக்கிறாயா? அந்த வரிசையில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய விடாது கருப்பை வீடியோ நாடாவில் பார்த்த வாரம் முழுவதும், எங்கள் லயத்தில் இருட்டிய பிறகு பின்பக்கத்துக் கழிவறைக்குத் தனியாகப் போக ஆண்பிள்ளைகளே பயந்தார்கள். தோட்டத்து எல்லையில் எங்கள் காவல் தெய்வம் முனியாண்டி நின்றுகொண்டிருக்கும்போது, குதிரையில் வரும் கருப்பசாமி எங்களுக்குக் கதையாகவா இருந்திருக்கும்? அதில் எங்கே அழுகை? அதிலும் சேத்தன் நடித்திருக்கிறார், தெரியுமா? திருமுருகனின் நாதஸ்வரம் 2014இல் 1000ஆவது பகுதியை நேரடியாக ஒளிபரப்பியது. 23 நிமிடங்களுக்கு மேல், வெட்டு ஒட்டு இல்லாமல். அதற்குக் கின்னஸ் சாதனையே கிடைத்தது. அது பலகையில் பத்தாவது இடத்தில்கூட இல்லை.

எதிர்நீச்சலுக்குக் கை தூக்கிய கூட்டத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு எதிர்நீச்சல் மேல் கோபமே இல்லை. ஆதி குணசேகரனாக மாரிமுத்து உட்கார்ந்திருந்த தோரணை ஒன்றே போதும்; 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது என் அம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்த பிறகும் “அவர் மாதிரி இல்லை” என்று சொல்லிக்கொண்டே விடாமல் பார்த்தார். ஆனால் கை தூக்கியவர்களிடம் ஏன் என்று கேட்டால், குணசேகரன் மாதிரி “இந்தாம்மா ஏய்” என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். அந்தத் தொடரை இயக்கிய திருச்செல்வம்தான் கோலங்கள் தொடரையும் இயக்கினார், அதில் தொல்காப்பியனாக நடித்ததும் அவர்தான் என்று சொன்னேன். “அப்படியா?” என்றார்கள். கோலங்கள் என்றால் என்ன என்று ஒருத்தி கேட்டாள்! கோலங்கள் என்றால் என்ன என்று கேட்கிறவளுக்கு ஓட்டு இருக்கிறது. ஆறு வருடம் அதன் நாயகி அபியோடு சேர்ந்து தூங்காமல் கிடந்த என் அம்மாவுக்கு மைக் இல்லை.

பிரேக்கிங் பேட் நானும் பார்த்திருக்கிறேன். நல்ல தொடர், மறுக்கவே மாட்டேன். வேதியியல் வாத்தியார் போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேறு மனிதனாகிப் போவதை அப்படிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது 2008இலிருந்து 2013 வரை மொத்தம் 62 பகுதிகள். தி வயர் 60. வாரம் ஐந்து நாள் போட்டால் இரண்டில் எதுவும் பதின்மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். கோலங்கள் 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகள். இழுத்தார்கள், அதுவும் எனக்குத் தெரியும். வில்லன் ஆதித்யாவின் சதி ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று போன காலத்தில் நானே எழுந்து போயிருக்கிறேன். ஆனாலும் நாள் தவறாமல் ஆறு வருடம் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிற கதை வேறு, இரண்டு வார விடுமுறையில் போர்வைக்குள் பார்த்து முடிக்கிற கதை வேறு. பால்மரம் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு செம்பனைக் குலை வெட்டப் போகிறவனைத் தோட்டத்தில் யாராவது வேலைக்கு வைப்பார்களா? ஒரே பலகையில் ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்தவர்களைத்தான் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

தீர்ப்புச் சொல்ல வந்தவர் கடைசியாகப் பேசினார். பொன்னாடையோடு, பன்னிரண்டு நிமிடம். “எனக்குத் தொடர் பார்க்க நேரம் கிடைப்பதில்லை” என்று தொடங்கினார். என் காதால் கேட்டேன். நேரம் கிடைப்பதில்லையாம், ஆனால் தீர்ப்புச் சொல்ல நேரம் இருக்கிறது! பிறகு முதலிடத்தை அறிவித்தார், கூட்டம் ஆரவாரம் செய்தது, பலகையை அழித்தார்கள். ஒன்பதாவது வரியை அழித்தபோதுகூட ஒருவரும் அந்த எழுத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா காரில் பேசவே இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பின் முனை திரும்பியதும், “என்னம்மா சொல்ல நினைத்தீர்கள்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். “அந்தச் சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தாரே, பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு அவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார். உன் அக்கா போன அன்றைக்கு உன் அப்பாவும் அப்படித்தான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உன் அப்பா இறந்த பிறகு, அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்ப அந்த சிடியைப் போட்டேன். 2020இல் ஊரடங்கின்போது மறுபடியும் ஒளிபரப்பினார்களே, அப்போதும் அதற்காகத்தான் பார்த்தேன். இதைத்தான் சொல்ல நினைத்தேன்.”

எனக்கு வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அவர் மடியில் அந்த மஞ்சள் பஞ்சு உறை இருந்தது. “நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, அவர்கள் தேடுவார்கள்” என்றார்.

கொடுக்க மாட்டேன். வந்து கேட்கட்டும்.

இன்னொன்று. எங்கள் வீட்டு முன்னால் தெருவிளக்கு தீபாவளியிலிருந்து எரியவில்லை. நான்கு முறை புகார் கொடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண் தருகிறார்கள், விளக்கு மட்டும் வரவில்லை. சாக்கடை மேல் போட்டிருக்கிற சிமெண்ட் பலகையில் ஒரு மூலை உடைந்து கிடக்கிறது. அன்றிரவு, அந்த இருட்டில், முழங்கால் வலியோடு என் அம்மா காரிலிருந்து இறங்கி அதன் மேல் கால் வைத்தார். நான் கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.