பார்க்காமலேயே மூலம் என்று சொல்லிவிடாதீர்கள்

மலத்தில் ரத்தம் போகிறது என்று யாராவது வாய் திறந்தால், எங்கள் கோத்தகிரிப் பக்கம் உடனே கிடைக்கும் பதில்: "மூலச்சூடு. துத்திக்கீரையைச் சின்ன வெங்காயத்தோடு வதக்கிச் சாப்பிடு, கருணைக்கிழங்கு சேர்த்துக்கொள்." கீரையும் கிழங்கும் நல்லவைதான், நார்ச்சத்து மலத்தை இளக்கும். என் கோபமெல்லாம் பார்க்காமலேயே மூலம் என்று முடிவு கட்டுவதன் மேல்தான்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கொழுந்து பறிக்கப் போகிறவர். தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார், அடக்கிக்கொள்வார். மலச்சிக்கலும் மூலமும் அவருக்குப் பழையவை. பிறகு, போய்விட்டு வந்தபின்னும் இன்னும் வருவதுபோல் முட்டிக்கொண்டே இருந்தது. மூட்டையோடு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்ணின் உடம்பிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கோவையில் ஒரு மருத்துவர் கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிட வேலை. மூலமும் இருந்தது, மலக்குடலில் கட்டியும் இருந்தது. மூலம் இருப்பதால் புற்று இருக்காது என்று எந்த விதியும் இல்லை.

மூலத்தில் பெரும்பாலும் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகச் சொட்டும். கத்தியால் கீறியதுபோல் வலித்தால் ஆசனவெடிப்பாக இருக்கலாம். கருஞ்சிவப்பாகச் சளியோடு மலத்தில் கலந்து வருவது, மலம் மெலிந்து போவது, சிக்கலும் பேதியும் மாறி மாறி வாரக்கணக்கில் நீடிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மலக்குடல் புற்றிலும் ரத்தம் பளிச்சென்று வரும், தொடக்கத்தில் வலிக்காது. (முந்தின நாள் பீட்ரூட் பொரியலால் வரும் சிவப்பு வேறு. தார்போலக் கறுத்து நாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.)

குடலுக்குள் சிறு சதைமொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் வரை ஆகும். கொலோனோஸ்கோபியில் (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) அதைப் பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிடலாம். இவ்வளவு அவகாசத்தையும், "ஆபரேஷன் இல்லாமல் ஊசியில் மூலம் குணம்" என்ற சுவரொட்டிகளை நம்பித் தொலைக்கிறோம்.

அக்காமார்களே, பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். இல்லையென்றால் செவிலியர் உடனிருக்கக் கேளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமா? எத்தனை நாளாக, என்ன நிறம், எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.