பெரியம்மா கையில இருந்த செபமாலை

பெரியம்மா அடக்கத்துல எடுத்த வீடியோவ எல்லாரும் பாத்தாச்சு. அதனால நடந்ததத் திரும்ப எழுதப் போறதில்ல. பாக்காதவங்க பாக்காமலே இருங்க. பெட்டிய மூடப் போற நேரம், வேற சபை பாஸ்டர் மைக்க ஒரு கையால பொத்திக்கிட்டு, பெரியம்மா மகன், எங்க அண்ணன்கிட்ட ஏதோ சொல்றாரு. அண்ணன் குனிஞ்சு பெரியம்மா விரல ஒவ்வொண்ணா விலக்கி செபமாலைய உருவுறான். அவர் சொன்னது வீடியோவுல கேக்காது. பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. "பிரதர், இந்த விக்கிரகத்தோட அனுப்பாதீங்க."

எம்பத்தோரு வயசு. ஒரே தேவனத் தெரிஞ்சுக்கோன்னு பெரியம்மாவுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வந்துட்டாங்க. அதுவும் செத்ததுக்கு அப்புறம்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பெரியம்மா தூத்துக்குடியில ஆர்.சி. (கத்தோலிக்க) குடும்பத்துல பிறந்தவங்க. கட்டிக்கிட்டது எங்க பெரியப்பாவ, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). ஞாயித்துக்கிழமை காலம்பற முதல் பூசை, அப்புறம் பெரியப்பாகூட எங்க கோயில்ல ஆராதனை. வருஷக்கணக்கா ரெண்டும். ஜெபத்துல பெரியப்பா "தேவனே"ம்பாரு, பெரியம்மா "சர்வேசுரா"ம்பாங்க. நமக்குப் பேதுரு, அவங்களுக்கு இராயப்பர். நமக்குப் பவுல், அவங்களுக்குச் சின்னப்பர். சின்ன வயசுல நான் நெசமாவே ரெண்டு சாமின்னு நெனச்சு கேட்டுட்டேன். மீன் ஆஞ்சுகிட்டே சொன்னாங்க: "ஒங்கப்பன நீ அப்பாங்க, நான் கொழுந்தங்கேன். அதுக்குன்னு ரெண்டு ஆளால?"

அவங்க தெரிஞ்சுக்கிட்டது ஒரே கடவுள. எந்த சபை மெம்பர்ஷிப்பையும் இல்ல. இத நான் நூறு தடவ வேணாலும் சொல்லுவேன்.

உடனே கமென்ட்ல வருவாங்க. "செபமாலையில அம்பத்து மூணு மாதா ஜெபம், ஆறே ஆறு கர்த்தர் கற்பித்த ஜெபம், இதுவா ஒரே தேவன்?" கணக்கு நல்லாத்தான் வருது, காணிக்கை எண்ணின கை. ஆனா சிலுவையப் புடிச்சு அதைத் தொடங்குறப்போ என்ன சொல்றாங்கன்னு தெரியுமா? விசுவாசப் பிரமாணம். வானத்தையும் பூமியையும் படைச்ச பிதாவ விசுவாசிக்கிறேன்னு எங்க கோயில்ல சொல்றமே, அதே பிரமாணம். பெரியம்மா அத தினம் சொன்னவங்க. அவங்க கையில இருந்தது விக்கிரகமாம்.

"முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கலையே." எடுக்கல. கடலோரத்துல பிறந்தவங்க, தண்ணிய உங்களவிட அதிகம் பாத்தவங்க. விடுங்க.

"சபைங்க ஒண்ணா சேர்ற ஐக்கியத்தப் பத்தி நீங்க பேசலாமா, உங்க டயோசிஸ் எலெக்‌ஷன் கேஸ் எத்தன கோர்ட்ல கிடக்கு?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்தது.

ஐக்கியம்னா வெள்ளக்காரன் சரக்குன்னு ஒரு தம்பி நேத்து எழுதியிருந்தாரு. தம்பி, 1919ல தரங்கம்பாடியில பல சபை ஊழியருங்க கூடி, இப்படிப் பிரிஞ்சு கிடந்தா எப்படி சுவிசேஷம் சொல்றதுன்னு பேசினப்போ முன்னால நின்னது வெள்ளாளன்விளையில பிறந்த அசரியா பேராயர் (பிஷப்). அது நடக்க இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. பேராயர் இல்லாம சபையே இல்லன்னவங்களும், பேராயரே வேண்டாம்னவங்களும் 1947 செப்டம்பர் 27ல சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஒண்ணா சேந்து சி.எஸ்.ஐ. ஆனாங்க. பாக்க அசரியா இல்ல, 1945லயே போயிட்டாரு. வெள்ளக்காரன் கொண்டுவந்தது பிரிவினைய. அவன் ஊர்ச் சண்டைய நாம இங்க சாவு வீட்ல போட்டுட்டு இருக்கோம்.

அவன் ஊர்ச் சண்டைன்னு முழுசாவும் சொல்லிர முடியல. திருச்சி மேலப்புதூர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுலயே சாதிக்குச் சுவர் கட்டினது எந்த வெள்ளக்காரன்? ஒரே பிதா, ஒரே கிண்ணம், செத்தா மட்டும் அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன், தெரியுது. ராத்திரி தூக்கம் இல்ல.

நானும் யோக்கியன் இல்ல. சண்டே ஸ்கூல் படிக்கிறப்போ பெரியம்மாவ "மாதா பார்ட்டி"ன்னு கேலி பண்ணியிருக்கேன். சிரிச்சுக்கிட்டே முறுக்கு குடுத்தாங்க. அண்ணன் அப்போ பக்கத்துல இருந்தான். "அம்மாவ அப்படிச் சொல்லாதல"ன்னு என் மண்டையில ஒண்ணு போட்டவன் அவன்தான். அதே அண்ணன். பாஸ்டர் மேலகூட எனக்கு இவ்வளவு கோவம் இல்ல, அவருக்குப் பெரியம்மா யாரோ. இவன் எப்படிப்பா அந்த விரல விலக்கினான்?

ஃபாதரும் கூட்டத்துல கடைசியிலதான் நின்னாரு. யாரும் கூப்பிடல. எல்லாரும் போனப்புறம் குழிகிட்ட வந்து ரெண்டு நிமிஷம் நின்னுட்டு, எங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு.

"குடும்ப விஷயத்த முகநூல்ல போடலாமா"ன்னு கேக்குறவங்களுக்கு: வீடியோவ போட்டது நான் இல்ல. "எழுப்புதல் சாட்சி"ன்னு தலைப்பு குடுத்துப் போட்டது பாஸ்டர் ஆளுங்க.

முப்பதாம் நாள் ஜெபம் எங்க வீட்லதான். ஃபாதரையும் எங்க சி.எஸ்.ஐ. கோயில் போதகர் ஐயரையும் கூப்பிட்டிருக்கேன். பாஸ்டர் வந்தாலும் நாற்காலி உண்டு, மைக் கிடையாது. செபமாலை என்கிட்டதான் இருக்கு. மண்ணு போடுறப்போ அண்ணன் என் கையில திணிச்சுட்டுப் போனான். கேட்டா குடுத்துருவேன். இன்னிக்கு வரைக்கும் கேக்கல.