நெட்டைப் படித்த கம்ப்யூட்டர் தப்பே சொல்லாதா?

"நெட்டில் உள்ளதெல்லாம் கம்ப்யூட்டர் படித்துவிட்டது, அது சொன்னால் தப்பாது. இனிப் புயல் கூண்டைப் பார்க்க வேண்டாம்" என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து பரப்பாதீர்கள்.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், டாம் மிட்செல் குழு 'நெல்' என்ற நிரலை இணையப் பக்கங்களை இரவு பகலாகப் படிக்க விட்டது. குக்கீ ஒரு பேக்கரிப் பண்டம் என்று கற்றது, சரி. அப்புறம் இணையக் குக்கீயையும் (இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னத் தகவல் துணுக்கு) பண்டத்தோடு சேர்த்துவிட்டது. குக்கீயை அழித்தேன் என்று எழுதுகிறார்கள், ஃபைலை அழித்தேன் என்றும் எழுதுகிறார்கள். ஆகவே ஃபைலும் பண்டம்தான் என்று முடிவுகட்டியது. மனிதர்கள்தான் திருத்த வேண்டியிருந்தது.

கச்சான் காற்று வீசினால் தென்கடல் கொந்தளிக்கும் என்று நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். இன்று காலை ஏற்றிய கூண்டு, கம்ப்யூட்டர் என்றோ படித்த பக்கத்தில் இருக்காது. வலையைப் படகில் ஏற்றுமுன் வானிலை மைய எச்சரிக்கையைக் கேளுங்கள் அண்ணே.