ஆல்ட்–டேப் அழுத்தியவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

வியாழக்கிழமைப் பயிலரங்கைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே செயல்முறை காட்டிய அக்கா ஒருவர் ஒரு விசையை அழுத்த, அவருடைய சொந்தச் செய்திகள் எல்லோர் முன்னும் திறந்துகொண்ட துண்டு வீடியோ இன்று காலை இன்னொரு குழு வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்தது. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "இருபது வருட அனுபவமாம்!" என்று ஒரு தலைப்பு வேறு. சரி, எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள். பார்த்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அக்கா அழுத்தியது தவறான விசையா? தன் மடிக்கணினி வழியாக இயக்கிக்கொண்டிருந்த, வேறிடத்தில் உள்ள சர்வரில் திறந்திருந்த ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆல்ட்–டேப் அழுத்தினார். விண்டோஸில் அதற்கு அதுதான் விசை. ஆனால் அது சர்வருக்குப் போகவில்லை. அவருடைய மடிக்கணினியே அதை எடுத்துக்கொண்டது. குடும்ப வாட்ஸ்அப் முன்னால் வந்து நின்றது. அதில் இருந்ததை அத்தனை பேரும் படித்தார்கள், சிலர் படம் பிடித்தும் வைத்துக்கொண்டார்கள்.

ஏன் அப்படி ஆனது என்று சிரித்தவர்களில் ஒருவராவது சொல்லட்டும். சொல்ல மாட்டார்கள், நானே சொல்கிறேன். தொலைவில் உள்ள கணினியை நம் திரையில் திறந்து இயக்க உதவும் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில், லோக்கல் ரிசோர்சஸ் என்ற பக்கத்தில், கீபோர்டு என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. ஆல்ட்–டேப் போன்ற விசைக் கூட்டுகள் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்பதை அங்கேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கணினிக்கு, தொலைக் கணினிக்கு, முழுத்திரையில் இருந்தால் மட்டும் தொலைக் கணினிக்கு என்று மூன்று வழிகள். நாம் எதையும் தொடாமல் விட்டால் இருப்பது மூன்றாவது. அக்கா முழுத்திரையில்தான் தொடங்கினார், ஆல்ட்–டேப்பும் அதுவரை ஒழுங்காக வேலை செய்தது. பாதியில் "அக்கா, ஜன்னலைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், பக்கத்தில் குறிப்பும் தெரியட்டும்" என்று கேட்டது யார்? வீடியோவை வெட்டிப் போட்ட அதே தம்பி. அந்தப் பகுதி மட்டும் எப்படியோ வீடியோவில் இல்லை.

ஆக, விசை அதே விசை. போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. இடம் மாறிவிட்டது என்று திரையில் ஒரு வரி வந்ததா, ஒரு விளக்கு எரிந்ததா? எதுவும் இல்லை. ஒரே கதவிலக்கத்தில் இரண்டு குடித்தனம் இருந்தால் தபால்காரர்கூட "யாருக்குங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுப்பார். இந்த மென்பொருளுக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை. நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: அழுத்துகிற விசை எந்தக் கணினிக்குப் போகப் போகிறது என்று அழுத்துகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தெரியாதபடி செய்து வைத்துவிட்டு விரலைக் குறை சொல்லக் கூடாது.

"ஜன்னலாக இருக்கும்போது ஆல்ட்–டேப்புக்குப் பதில் ஆல்ட்–பேஜ் அப் அழுத்த வேண்டும், இதுகூடத் தெரியாதா?" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். தெரியும் ஐயா. தொலைக் கணினிக்கு கண்ட்ரோல்–ஆல்ட்–டெலீட்டுக்குப் பதில் கண்ட்ரோல்–ஆல்ட்–எண்ட் என்பதும் தெரியும். அதற்காவது ஒரு நியாயம் இருக்கிறது. போலி உள்நுழைவுத் திரையைக் காட்டி யாரும் கடவுச்சொல்லைத் திருடிவிடக் கூடாது என்பதற்காக, அந்த மூன்று விசைகளை வேறெந்த மென்பொருளும் இடைமறிக்க முடியாதபடி விண்டோஸ் தன் கையிலேயே வைத்திருக்கிறது. அதை ஏற்கிறேன். ஆனால் என் அலுவலக மடிக்கணினியில் எண்ட் விசையே தனியாகக் கிடையாது. எஃப்என்னைப் பிடித்துக்கொண்டு வலது அம்பை அழுத்த வேண்டும். நான்கு விசை, இரண்டு கை, ஒரு பிரார்த்தனை.

அடுத்து மேக் பக்தர்கள் வருவார்கள். அங்கே நகலெடுக்க கமாண்ட்–சி, விண்டோஸில் கண்ட்ரோல்–சி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் லினக்ஸ் டெர்மினலில் கண்ட்ரோல்–ஷிஃப்ட்–சி. இதில் எது சரி என்று சண்டை போட நான் வரவில்லை. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவிலேயே செய்ததை ரத்துசெய்ய இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று நான்கும் வந்துவிட்டன. 1987இல் ஐபிஎம் தன் பங்குக்கு ஒட்ட ஷிஃப்ட்–இன்சர்ட், நகலெடுக்க கண்ட்ரோல்–இன்சர்ட் என்று வேறொரு விதி எழுதியது. விண்டோஸ் இரண்டையும் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு விதி எழுதியவர்கள் அவர்கள். ஒரே நாளில் மூன்றுக்குள்ளும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் நாங்கள். சிரிப்பு மட்டும் எங்கள் பக்கம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்காக வேலையை விட்டிருந்து, பிறகு மறுபடியும் வேலை தேடிய காலம். ஒரு நிறுவனத்தில் இணையவழித் தேர்வு. உலாவிக்குள்ளேயே ஒரு லினக்ஸ் கணினியைத் திறந்து கொடுத்திருந்தார்கள். கட்டளையில் ஒரு சொல் பிசகியது. டெர்மினலில் கடைசிச் சொல்லை அழிக்க கண்ட்ரோல்–டபிள்யூ. கை அதற்குப் பழகிய கை, அழுத்தியது. உலாவிக்கோ அதற்கு வேறு பொருள்: இந்தத் தாவலை மூடு. மூடிவிட்டது. தேர்வர் தேர்வுப் பக்கத்தை விட்டு வெளியேறினார் என்று பதிவாகி, கதை முடிந்தது. விளக்கி மின்னஞ்சல் எழுதினேன். விதிகளை மீண்டும் படிக்கச் சொல்லிப் பதில் வந்தது. லினக்ஸ் தெரிந்ததால் லினக்ஸ் தேர்வில் வெளியே தள்ளப்பட்டவள் நான். "பேக்ஸ்பேஸ் அழுத்தியிருக்கலாமே" என்றார் என் கணவர். மற்றபடி நல்ல மனிதர்.

முழுத்திரையில் இருக்கும்போது இத்தகைய விசைகளை இணையப் பக்கத்துக்கே விட்டுக்கொடுக்கும் வசதி குரோமிலும் எட்ஜிலும் இருக்கிறது. பக்கத்தை எழுதுகிறவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்கும் தேர்வுக்கு அதைக்கூடச் செய்யாதவர்களை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

"விசைகளை மாற்றித்தரும் மென்பொருளை நிறுவிக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: அலுவலகக் கணினியில் முகப்புப் படத்தை மாற்றவே எங்களுக்கு அனுமதி கிடையாது. "வாட்ஸ்அப்பை மூடி வைத்திருக்கலாமே" என்பவர்களுக்கு: அவருடைய அம்மா மருத்துவமனையில் இருந்தார். வீடியோவைப் பார்த்தீர்களே, அந்தச் செய்தியைப் படித்தீர்கள்தானே? படித்த பிறகுமா சிரிப்பு வந்தது?

இனி நிதானமாக எழுத வரவில்லை. சென்ற ஆண்டு நம் குழுவில் ஒரு பையன் லினக்ஸ் டெர்மினலில் எதையோ நகலெடுக்கப் போய் கண்ட்ரோல்–சி அழுத்தினான். அங்கே அது நகலெடுக்கும் விசை அல்ல, ஓடுகிற வேலையை நிறுத்தும் விசை. ராத்திரி முழுவதும் ஓடிக்கொண்டிருந்த தரவேற்றம் பாதியில் நின்றது. அப்போது யாரும் தலைப்பு வைக்கவில்லை. "கற்றுக்கொள்கிறான், விடுங்கள்" என்றார்கள். நானும்தான் சொன்னேன், இப்போதும் சொல்வேன். அதே சொல்லை ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணுக்குச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை? நம் குழுவில் பாதிப் பேருக்கு ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையவே சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

வீடியோவை நீக்கச் சொல்லித் தம்பிக்குத் தனியே எழுதிவிட்டேன். அடுத்த பயிலரங்கில் அந்தக் கீபோர்டு பெட்டியை எல்லோருக்கும் திறந்து காட்ட வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களுக்கும் எழுதியிருக்கிறேன். அக்கா வர மாட்டேன் என்கிறார். வற்புறுத்த எனக்கு முகமில்லை.

"எஃப்11 அழுத்தினால் முழுத்திரை ஆகிவிடுமே, இதற்கா இவ்வளவு நீளம்?" என்று எழுதத் துடிப்பவர்கள், முதலில் ஒரு மேக்புக்கில் எஃப்11ஐ அழுத்திப் பார்த்துவிட்டு வரவும். ஒலி குறையும்.